புத்தகக் கடையின் உறுப்பினர் அட்டை: கட்டுப்படியாகுமா?

ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டோ, கட்டணமே இல்லாமலோ, வாடிக்கையாளருக்கு ஓர் உறுப்பினர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணின் பேரில் வாங்கும் நூல்களுக்குத் தள்ளுபடியையோ, சேர்த்து வைத்துப் பின்னால் விலையில் கழித்துக்கொள்ளும் புள்ளிகளையோ புத்தகக் கடைகள் வழங்கும் ஏற்பாடு வணிக வழக்கில் ‘லாயல்டி திட்டம்’ எனப்படுகிறது. இது புத்தகக் கடைகள் கண்டுபிடித்த உத்தி அன்று. அமெரிக்காவில் 1896இல் தொடங்கப்பட்ட ஸ்பெரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனம் மளிகைக் கடைகளின் வழியே கொடுத்துவந்த பச்சை முத்திரைகளும், 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பயணிகளுக்காக அறிமுகப்படுத்திய மைல் கணக்கும் இதற்கு முன்னோடிகள். ஆயினும் மளிகைக்கும் விமானப் பயணத்துக்கும் இல்லாத ஓர் இயல்பு நூலுக்கு உண்டு: எந்தக் கடையில் வாங்கினாலும் ஓர் எழுத்தும் மாறாத சரக்கு அது, அதன் விலையும் பல நாடுகளில் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. ஆகவே உறுப்பினராவதால் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு என்பதை வேறெந்தத் துறையையும்விட இங்கே துல்லியமாகக் கணக்கிட்டுப் பார்க்க முடியும்.

அப்படிக் கணக்கிடுவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். எதோடு ஒப்பிட்டு ஆதாயம் என்கிறோம் என்பதைப் பார்க்கத் தவறுவது ஒன்று; வரும் ஆண்டில் வாங்கப்போவதாக நினைக்கும் நூல்களைக் கணக்கில் சேர்த்து, சென்ற ஆண்டில் உண்மையில் வாங்கிய நூல்களை விட்டுவிடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் அமெரிக்காவின் மிகப் பெரிய புத்தகக் கடைச் சங்கிலியான பார்ன்ஸ் அண்ட் நோபிளின் திட்டத்தை வைத்தே விளக்கிவிடலாம்.

நாற்பது டாலரின் கணக்கு

பார்ன்ஸ் அண்ட் நோபிள் 2000ஆம் ஆண்டில் கட்டண உறுப்பினர் திட்டத்தைத் தொடங்கியபோது ஆண்டுக் கட்டணம் 25 டாலர். கடையில் வாங்குவனவற்றுக்கு 10 விழுக்காடு தள்ளுபடி. ஆண்டுக்கு 250 டாலருக்கு நூல் வாங்கினால் கட்டிய காசு திரும்பிவிடும், அதற்கு மேல் வாங்குவதெல்லாம் ஆதாயம் என்ற எளிய கணக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடப்பிலிருந்தது. 2019இல் அந்நிறுவனத்தை எலியட் என்னும் முதலீட்டு நிறுவனம் வாங்கி, பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் கடைச் சங்கிலியை நடத்திவந்த ஜேம்ஸ் டான்ட் என்பவரையே இதற்கும் தலைவராக்கியது. 2023 மார்ச்சில் பழைய திட்டம் எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் இரண்டு படிகள் கொண்ட புதிய திட்டம் வந்தது. மேல்படிக்குக் கட்டணம் 39.99 டாலர், கடையிலும் இணையத்திலும் 10 விழுக்காடு தள்ளுபடி, குறைந்தபட்சக் கொள்முதல் நிபந்தனையின்றி இலவச அஞ்சல், கடைக்குள் இருக்கும் காப்பிக் கடையில் அதே விலைக்கு ஓர் அளவு பெரிய கோப்பை, ஒரு துணிப்பை ஆகியவை அதில் அடங்கும். கீழ்ப்படிக்குக் கட்டணம் எதுவும் இல்லை. செலவிடும் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு முத்திரை, அதாவது கணினிக் கணக்கில் ஏறும் ஒரு குறி, கிடைக்கும். பத்து முத்திரைகள் சேர்ந்தால் 5 டாலர் கழிவு. இந்த முத்திரைகள் மேல்படியினருக்கும் உண்டு.

39.99 டாலருக்கு 10 விழுக்காடு தள்ளுபடி என்றால் 400 டாலருக்கு வாங்கினால் கட்டணம் மீளும் என்று சொல்லிவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கட்டணமில்லாத கீழ்ப்படி ஒன்று இருக்கும்போது, மேல்படியை எதுவுமே இல்லாத நிலையோடு ஒப்பிடுவது பிழை. இலவசமாகக் கிடைப்பதோடுதான் ஒப்பிட வேண்டும். கீழ்ப்படியில் இருப்பவருக்கு அவர் செலவிடும் தொகையில் ஏறத்தாழ 5 விழுக்காடு முத்திரைகளாகத் திரும்புகிறது. மேல்படியில் இருப்பவருக்கு 10 விழுக்காடு முதலிலேயே குறைந்து, மிச்சத் தொகைக்கு முத்திரை சேர்கிறது என்று கொண்டால், மொத்தம் 14.5 விழுக்காடு. ஆகவே கட்டணம் செலுத்தி வாங்கும் கூடுதல் ஆதாயம் 9.5 விழுக்காடுதான், 39.99 டாலரை மீட்க ஆண்டுக்கு 421 டாலர் அளவுக்கு நூல் வாங்கியாக வேண்டும்.

முத்திரைகள் பத்துப் பத்தாகத்தான் பணமாகும் என்பதால், நடைமுறையில் கணக்கு இன்னும் கொஞ்சம் முரடாக இருக்கும். ஆண்டுக்கு 200 டாலருக்கு நூல் வாங்கும் ஒருவர் கீழ்ப்படியில் இருந்தால் 20 முத்திரைகளும் 10 டாலர் கழிவும் பெறுவார். அவரே மேல்படியில் சேர்ந்தால் தள்ளுபடியாக 20 டாலரும், செலுத்தும் 180 டாலருக்கு 18 முத்திரைகளும் பெறுவார். அவற்றில் பத்து மட்டும் 5 டாலராக மாறும், எட்டு காத்திருக்கும். கட்டணத்தைக் கழித்தால் அவர் 15 டாலர் நட்டத்தில் நிற்கிறார். இலவசப் படியோடு ஒப்பிட்டால் 25 டாலர் பின்தங்குகிறார். 600 டாலருக்கு வாங்குபவருக்குக் கீழ்ப்படியில் 30 டாலரும், மேல்படியில் கட்டணம் போக 45 டாலரும் மிஞ்சும். ஓராண்டு முழுதும் விசுவாசமாக வாங்கியதற்கான கூடுதல் பலன் 15 டாலர், அதாவது ஒரு மெல்லட்டைப் பதிப்பின் விலைக்கும் சற்றுக் குறைவு. ஆயிரம் டாலருக்கு வாங்கும் தீவிர வாசகருக்குத்தான் கூடுதல் பலன் 55 டாலரைத் தொடுகிறது.

இதில் இலவச அஞ்சலையும் காப்பியையும் பையையும் சேர்க்கவில்லை என்று யாரேனும் சொல்லக்கூடும். அஞ்சல் சலுகை மெய்யானதுதான். கடையே இல்லாத சிற்றூரில் இருந்துகொண்டு ஒவ்வொரு நூலாக இணையத்தில் வாங்குபவருக்கு அது ஒன்றே கட்டணத்தை ஈடுசெய்யும். காப்பியின் கதை வேறு. பெரிய கோப்பைக்குரிய கூடுதல் விலையை ஆதாயமாக எழுதிக்கொள்ள வேண்டுமானால் முதலில் சிறிய கோப்பைக்குக் காசு கொடுக்க வேண்டும். கடைக்கு வராமல் இருந்திருந்தால் அந்தக் காசு சட்டைப்பையிலேயே இருந்திருக்கும். துணிப்பையோ, வாசிக்கும் பழக்கமுள்ள எந்த வீட்டிலும் ஏற்கெனவே ஐந்தாறு தொங்கிக்கொண்டிருக்கும் பொருள்.

விழுக்காட்டுக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நூறு டாலர் செலவிட்ட பிறகு ஐந்து டாலர் கழிவு என்பது 5 விழுக்காடு தள்ளுபடி ஆகாது. 105 டாலர் நூல்களுக்கு 100 டாலர் கொடுத்ததாகவே அதைக் கொள்ள வேண்டும் என்பதால் உண்மையான தள்ளுபடி 4.76 விழுக்காடு. டான்ட் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த முத்திரை முறையின் மூலவடிவமான வாட்டர்ஸ்டோன்ஸ் திட்டத்தில் 10 பவுண்டுக்கு ஒரு முத்திரை, பத்து முத்திரைக்கு 10 பவுண்டு என்பது விதி. இதையும் 10 விழுக்காடு என்று விளம்பரப் பலகை சொன்னாலும் கணக்கு 9.09 விழுக்காடு என்றுதான் சொல்கிறது. அத்திட்டத்துக்குக் கட்டணம் இல்லை என்பதையும், அதற்கு முன்பிருந்த வாட்டர்ஸ்டோன்ஸ் அட்டை பவுண்டுக்கு மூன்று பென்னி மட்டுமே திருப்பித் தந்தது என்பதையும் நோக்கினால், இப்போதுள்ள பெருந்திட்டங்களில் வாசகருக்கு மிகவும் சாதகமானது இது என்றே தீர்ப்புக் கூறலாம். 18.99 பவுண்டுக்கு வாங்கினால் எஞ்சும் 8.99 அடுத்த முறைக்குத் தொடருமா, அன்றோடு வீணாகுமா என்ற ஒன்றை மட்டும் எந்தக் கடையில் சேர்ந்தாலும் சேருமுன் கேட்டுவிட வேண்டும். சிறு தொகைக்கு அடிக்கடி வாங்குபவருக்குத் திட்டத்தின் பாதி மதிப்பு அந்த விடையில் இருக்கிறது.

வாங்கப்போகும் நூல்களின் மயக்கம்

421 டாலர் என்பது அமெரிக்க விலையில் ஏறத்தாழ பதினான்கு பதினைந்து கெட்டி அட்டைப் புதுநூல்கள், அல்லது இருபத்திரண்டு மெல்லட்டை நூல்கள். பியூ ஆய்வு மையம் 2021இல் நடத்திய கணக்கெடுப்பின்படி அமெரிக்க வயதுவந்தோர் ஓராண்டில் படிக்கும் நூல்களின் சராசரி 14 என்று வந்தாலும், இடைநிலை எண், அதாவது மக்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எண்ணிக்கை, ஐந்துதான்; 23 விழுக்காட்டினர் ஒரு நூலைக்கூடப் பகுதியளவிலேனும் படிக்கவில்லை. படித்தவை எல்லாம் வாங்கியவையும் அல்ல. நூலகத்தில் எடுத்தவை, கைமாறி வந்தவை, பரிசாகப் பெற்றவை அவற்றுள் உண்டு. வாங்கியவையும் ஒரே கடையில் வாங்கியவை அல்ல. ஆகவே கட்டண உறுப்பினராவதால் பயன்பெறக்கூடியவர் வாசகர்களிலேயே சிறு பகுதியினர்.

ஆனாலும் சேர்பவர்கள் அந்தச் சிறு பகுதியினர் மட்டுமல்லர். அதற்குக் காரணம் என்ன என்பதை உடற்பயிற்சிக் கூடங்களைப் பற்றி ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் ஆகிய பொருளியலாளர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிச் சேர்ந்த உறுப்பினர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் கூடத்துக்கு வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகை 10 டாலரில் முடிந்திருக்கும். வருங்காலத்தில் தாம் எவ்வளவு உழைப்பாளியாக இருக்கப்போகிறோம் என்பதைப் பற்றி மனிதர் வைத்திருக்கும் நம்பிக்கைக்குத்தான் அவர்கள் கட்டணம் செலுத்தினார்கள். புத்தக வாசகரிடம் இந்த நம்பிக்கை இன்னும் வலுவாக இருப்பதற்கு, வாங்கிப் பிரிக்காத நூல்கள் அடுக்கப்பட்டிருக்கும் எந்த அலமாரியும் சான்று.

கட்டணம் செலுத்திய பின் நிகழ்வது இதற்கு நேர்மாறானது, ஆனால் இதைவிடச் செலவு மிக்கது. திரும்பப் பெற முடியாத செலவைப் பொருளியலில் ‘மூழ்கிய செலவு’ என்பர். அறிவுக்குப் பொருந்த முடிவெடுப்பவர் அதை மறந்துவிட்டு அடுத்த செலவைத் தனியாக எடைபோட வேண்டும் என்பது அத்துறையின் பாடம். நடைமுறையில் யாரும் மறப்பதில்லை. நாற்பது டாலர் கட்டியாயிற்று, அதை எடுத்தாக வேண்டும் என்ற எண்ணமே நூலகத்தில் கிடைத்திருக்கும் நூலையும், பழைய புத்தகக் கடையில் கால் விலைக்குக் கிடைத்திருக்கும் நூலையும் புதிதாக வாங்க வைக்கிறது. 28 டாலர் நூலில் 2.80 டாலர் மிச்சம் பிடித்தவர் எஞ்சிய 25.20 டாலரை மிச்சத்தில் எழுதுவதில்லை.

முத்திரைகள் வேறு வகையில் இதே வேலையைச் செய்கின்றன. இலக்கை நெருங்க நெருங்க முயற்சி வேகம் பெறும் என்பதை 1930களில் கிளார்க் ஹல் என்ற உளவியலாளர் எலிகளை வைத்துக் கண்டார். ரான் கிவெட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் காப்பிக் கடை அட்டைகளை ஆராய்ந்து, இலவசக் கோப்பை நெருங்கும்போது மனிதரும் அவ்வாறே அடுத்தடுத்து வாங்குகிறார்கள் என்று காட்டினர். அதே ஆண்டில் ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரெஸ் ஆகியோர் கார் கழுவும் நிலையம் ஒன்றில் 300 பேருக்கு அட்டைகள் கொடுத்தனர். பாதிப் பேரிடம் எட்டு முத்திரை தேவைப்படும் வெற்று அட்டை. மறுபாதியிடம் பத்து முத்திரை தேவைப்பட்டாலும் இரண்டு முன்கூட்டியே குத்தப்பட்ட அட்டை. இரு தரப்பினரும் எட்டு முறை வர வேண்டியதே என்றாலும், முதல் தரப்பில் 19 விழுக்காட்டினரும் இரண்டாம் தரப்பில் 34 விழுக்காட்டினரும் அட்டையை முடித்தார்கள். எட்டு முத்திரையோடு நிற்கும் வாசகர், இன்னும் இரண்டுக்காகத் தேவையில்லாத ஒரு நூலைக் கையிலெடுப்பது பலவீனம் என்று சொல்ல முடியாது. அட்டை அதற்காகவே அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

கடைக்கு என்ன கிடைக்கிறது

அமெரிக்காவில் பதிப்பாளர் புத்தகக் கடைக்குக் கொடுக்கும் வணிகக் கழிவு பொதுவாக அட்டை விலையில் 40 விழுக்காட்டுக்குச் சற்று மேலே இருக்கும். 45 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 30 டாலர் நூலில் கடையின் பங்கு 13.50 டாலர், வாடகை, ஊழியர் சம்பளம், திரும்பிப் போகும் நூல்களின் வண்டிச் செலவு எல்லாம் இதற்குள்ளிருந்துதான். மேல்படி உறுப்பினருக்கு 3 டாலர் தள்ளுபடியும் 1.35 டாலர் மதிப்புள்ள முத்திரைகளும் போனால், கடை தன் பங்கில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுக்கிறது. தருமத்துக்காக எந்தக் கடையும் இதைச் செய்வதில்லை. முன்கூட்டியே கட்டணம் வருகிறது. குறைவாக வாங்கும் உறுப்பினர் கட்டும் கட்டணம், அதிகமாக வாங்கும் உறுப்பினருக்குக் கொடுக்கும் தள்ளுபடியை ஓரளவு ஈடுகட்டுகிறது. போட்டிக் கடைக்குப் போயிருக்கக்கூடிய கொள்முதல் உள்ளேயே நிற்கிறது.

நூலாசிரியரைப் பற்றிய கவலை இங்கே தேவையில்லை. அமெரிக்கப் பெரும் பதிப்பகங்களின் வழக்கப்படி கெட்டி அட்டைப் பதிப்புக்கான உரிமத்தொகை அட்டை விலையை வைத்தே கணக்கிடப்படுகிறது. கடைக்காரர் தம் பங்கிலிருந்து உறுப்பினருக்குக் குறைத்துக் கொடுப்பதால் எழுதியவருக்கு ஒரு சென்ட்டும் குறையாது.

போட்டிக் கடை என்று இங்கே சொன்னது பெரும்பாலும் அமேசானைத்தான். 2005இல் ஆண்டுக்கு 79 டாலருக்குத் தொடங்கப்பட்ட அதன் பிரைம் திட்டம் 2022 முதல் 139 டாலர். அதை மளிகைக்கும் திரைப்படத்துக்குமாக ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு நூலின் அஞ்சல் செலவு தனியாகத் தெரிவதில்லை. அங்கே அதே நூல் அட்டை விலையிலிருந்து 20, 30 விழுக்காடு குறைந்து விற்கும் நாளில், பத்து விழுக்காட்டுக்காக இன்னொரு கடைக்கு நாற்பது டாலர் கட்டியவர் விலைக் கணக்கில் தோற்றவரே. அந்தக் கடை தம் ஊரில் நிலைத்திருக்க வேண்டும், நூல்களைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக ஒருவர் அந்த நாற்பதைக் கட்டுவாரானால் அது வேறு. அதை ஆதாயம் என்று அழைக்காமல் நன்கொடை என்று ஒப்புக்கொண்டு கட்டுவது நேர்மை. அந்த நோக்கம் உள்ளவர்களுக்கு 2020இல் தொடங்கிய புக்‌ஷாப்.ஆர்க் என்னும் இணையக் கடை இன்னும் நேரான வழி: வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் சிறு கடைக்கு அட்டை விலையில் 30 விழுக்காடு போய்ச் சேர்கிறது.

வாசித்ததன் பதிவேடு

உறுப்பினர் திட்டம் கேட்கும் உண்மையான விலை பணமாக இல்லாமல் இருக்கலாம். ரொக்கம் கொடுத்து நூல் வாங்கியவரின் பெயர் கடையில் தங்குவதில்லை. உறுப்பினர் எண்ணைச் சொல்லி வாங்கியவரின் ஒவ்வொரு நூலும் தேதியோடு பதிவாகிறது. சோப்பும் அரிசியும் வாங்கிய பதிவைவிட இது கனமானது. ஒருவரின் நோய், மணமுறிவு, மதம், அரசியல் எல்லாம் அந்தப் பட்டியலிலிருந்து படித்தறியக் கூடியவை.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 1998இல் அதிபர் கிளின்டன் மீதான விசாரணையை நடத்திய கென்னத் ஸ்டார், அவ்விசாரணையின் மையத்தில் இருந்த மோனிகா லெவின்ஸ்கி என்ற பெண் வாங்கிய நூல்களின் விவரம் கேட்டு வாஷிங்டனின் கிராமர்புக்ஸ் கடைக்கு ஆணை அனுப்பினார். கொலராடோவில் போதைமருந்து வழக்கு ஒன்றில் காவல்துறை, டென்வரின் டாட்டர்டு கவர் கடையிடம் ஒரு வாடிக்கையாளரின் கொள்முதல் விவரத்தைக் கேட்க, கடை மறுத்து வழக்காடி, 2002இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றது. 2001இன் பேட்ரியட் சட்டம் இத்தகைய பதிவுகளை இரகசியமாகக் கேட்டுப் பெறும் அதிகாரத்தைப் புலனாய்வுத் துறைக்கு விரிவாக்கியபோது, வெர்மான்ட் மாநிலத்தின் மான்ட்பீலியரிலுள்ள பேர் பாண்ட் புக்ஸ் என்ற சிறு கடை தன் வாசகர் மன்ற உறுப்பினர்கள் வாங்கிய நூல்களின் பெயர்களைப் பதிவிலிருந்து அழித்துவிட்டது. இல்லாத பதிவை யாரும் கேட்க முடியாது என்பதே காரணம். உறுப்பினர் திட்டத்தை நடத்தும் கடை ஒன்று தன் உறுப்பினருக்குச் செய்யக்கூடிய உயர்ந்த சேவை, எந்தத் தள்ளுபடியைவிடவும், இதுதான்.

பெரிய கடைகள் அழிப்பதில்லை, விற்கின்றன. பார்ன்ஸ் அண்ட் நோபிளுக்கு நிகரான போட்டியாளராக இருந்த பார்டர்ஸ் நிறுவனம் 2006இல் கட்டணமில்லாத உறுப்பினர் திட்டத்தைத் தொடங்கி, மின்னஞ்சலில் தள்ளுபடிச் சீட்டுகளை ஓயாமல் அனுப்பியது. சீட்டு வராத வாரத்தில் நூல் வாங்காமலிருக்கத் தன் வாடிக்கையாளரைத் தானே பழக்கிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. 2010இல் கடைசி முயற்சியாக 20 டாலர் கட்டணத்தில் ஒரு மேல்படியையும் சேர்த்துப் பார்த்தது. 2011 பிப்ரவரியில் திவால் மனு. செப்டம்பருக்குள் எல்லாக் கடைகளும் மூடப்பட்டன. கடன்காரர்களுக்காக விற்கப்பட்ட சொத்துகளில் ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் வாடிக்கையாளரின் விவரப் பட்டியலும் இருந்தது. அதையும் வணிகப் பெயர்களையும் சேர்த்து 1 கோடியே 39 லட்சம் டாலருக்கு வாங்கியது வேறு யாருமல்ல, பார்ன்ஸ் அண்ட் நோபிள்தான். ஒப்புதல் பெறாமல் விவரங்களைப் பிறருக்குக் கொடுக்க மாட்டோம் என்று பார்டர்ஸ் முன்பு வாக்களித்திருந்ததை அமெரிக்க வணிக ஆணையமான எஃப்.டி.சி. சுட்டிக்காட்டிய பிறகு, விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம் என்று மின்னஞ்சல் போயிற்று. விலகுவதற்குக் கொடுத்த காலம் சில வாரங்களே. விசுவாசம் யாருக்குச் சொந்தம் என்பதை அந்த ஏலம் பச்சையாகக் காட்டியது. வாடிக்கையாளர் கையில் எஞ்சியிருந்த பரிசு அட்டைகளோ, கடன்காரர் வரிசையில் கடைசியில் நிற்கும் வெறும் உரிமைகோரலாகச் சுருங்கின. சேர்த்து வைக்கும் புள்ளி எதுவும் கடைக்கு வட்டியில்லாமல் கொடுக்கும் கடன் என்பதால், கழிவு கைக்கு வந்தவுடன் செலவழித்துவிடுவதே முறை.

தள்ளுபடியே தடைப்பட்ட நாடுகள்

இந்தக் கணக்குகள் எதுவும் பிரான்சில் செல்லாது. அந்நாட்டின் பண்பாட்டு அமைச்சராக இருந்த ஜாக் லாங்கின் பெயரால் அறியப்படும் 1981ஆம் ஆண்டுச் சட்டம், பதிப்பாளர் குறித்த விலையில் 5 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் கடையும் குறைக்கக் கூடாது என்கிறது. உறுப்பினர் அட்டையும் அந்த வரம்புக்கு உட்பட்டதே. 2023 அக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைந்த கொள்முதலுக்குக் குறைந்தது 3 யூரோ அஞ்சல் கட்டணம் வாங்கியாக வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. ஜெர்மனியிலும் நூல் விலை சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டது. பிரிட்டனில் 1900 முதல் நடப்பிலிருந்த நிகர நூல் ஒப்பந்தம் 1995இல் குலைந்த பிறகே அங்கு இத்தகைய அட்டைகளுக்கு இடமுண்டாயிற்று.

இந்தியாவில் அட்டை விலை உச்சவரம்பு மட்டுமே. எவ்வளவு குறைத்தும் விற்கலாம். தமிழ்ப் பதிப்புலகில் உறுப்பினர் முறை புதிதும் அன்று: காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் நடத்திய வாசகர் வட்டம், உறுப்பினர் சேர்ப்பு முறையை நம்பியே தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ போன்ற நூல்களைச் செம்மையான பதிப்பாகக் கொண்டுவந்தது. இன்றும் பதிப்பகங்கள் அறிவிக்கும் முன்வெளியீட்டுத் திட்டம் அதன் வழித்தோன்றலே; வாங்குபவரின் முன்பணம் அங்கே ஒரு குறிப்பிட்ட நூல் அச்சேற உதவுகிறது என்பதால், எந்த நூல் என்று தெரியாமல் கட்டும் ஆண்டுக் கட்டணத்தைவிட அது நியாயமான பேரம். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியிலோ, பார்ன்ஸ் அண்ட் நோபிள் நாற்பது டாலர் வாங்கிக்கொண்டு கொடுக்கும் அதே 10 விழுக்காடு கழிவு, நுழைபவர் எல்லாருக்கும் எண்ணோ அட்டையோ கேட்காமல் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பட்டியல் போட்டு மொத்தமாக வாங்கும் வழக்கமுள்ள தமிழ் வாசகருக்கு, தமிழ் நூல்களைப் பொறுத்தவரை எந்த ஆண்டுக் கட்டணமும் கட்டுப்படியாகாது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இத்தகைய கடைகளில் வாங்குவோர், இலவசப் படியில் தாராளமாகச் சேரலாம். முன்பதிவுத் தள்ளுபடிகள் சில அந்தப் படியினருக்கும் கிடைக்கின்றன. அதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றை வைத்துக்கொள்வதும், பிறர் அறிய வேண்டாத நூலை ரொக்கம் கொடுத்து எண் சொல்லாமல் வாங்குவதும் நல்லது. கட்டணப் படியில் சேர விரும்புவோர் முதலில் சென்ற ஆண்டின் ரசீதுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். சேருவதாயின், பிள்ளைகளுக்கும் பரிசளிப்புக்குமாக ஒரே தவணையில் பெருந்தொகைக்கு வாங்கும் நாளன்று சேர்ந்து, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருந்தால் அன்றே அதை நிறுத்திவைக்க வேண்டும். ஓராண்டு உறுப்பினராக இருந்து அடுத்த ஆண்டு விலகி நிற்பதற்கு எந்தக் கடையும் தடை சொல்வதில்லை.